மஞ்சள் பீன்ஸும் பத்து வருட வழக்கும்

விதைக்குக் காப்புரிமை என்றாலே நம்மில் பலருக்கும் மரபணு மாற்றிய பருத்திதான் நினைவுக்கு வரும். அந்தச் சண்டை வேறு. பழைய முறையில், ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றின் மேல் தூவி, பிறந்த நாற்றுகளில் நல்லதைப் பொறுக்கி உருவாக்கிய ரகத்துக்குக் காப்புரிமை கொடுக்கலாமா? வேளாண்மைத் துறையில் சம்பளம் வாங்கிய நாளிலிருந்தே எனக்குள் இருக்கும் கேள்வி இது.

கேட்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு பழமரத்தில் புது ரகம் கொண்டுவர ஒருவர் பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்கிறார். முதல் கன்றை விற்ற மறுநாளே, வாங்கியவர் அதிலிருந்து குச்சி வெட்டி ஆயிரம் ஒட்டுக்கன்று கட்டிவிடலாம். உழைத்தவருக்கு மிஞ்சுவது பெயர் மட்டும். இதைச் சொல்லித்தான் அமெரிக்காவில் 1930-ல் தாவரக் காப்புரிமைச் சட்டம் வந்தது. தாமஸ் எடிசன்கூட அதை ஆதரித்தார். மறு வருடம் முதல் காப்புரிமை ஒரு கொடி ரோஜாவுக்குக் கிடைத்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது. ஒட்டு, பதியன் மூலம் பெருகும் செடிகளுக்கு மட்டுமே உரிமை. விதையால் பெருகும் பயிர்களுக்குக் கிடையாது. உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளுக்கும் கிடையாது. அதாவது அன்றாடச் சாப்பாட்டின் பெரும்பகுதி வேலிக்கு வெளியே நின்றது. 1985-ல் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டுக் குழு, இயந்திரங்களுக்குக் கொடுக்கும் சாதாரணக் காப்புரிமையையே செடிகளுக்கும் கொடுக்கலாம் என்றது. 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேலி போய்விட்டது.

அதன் விளைவைப் புரிந்துகொள்ள மஞ்சள் பீன்ஸ் கதை போதும். கொலராடோ மாநிலத்து விதை வியாபாரி ஒருவர் 1994-ல் மெக்சிகோவில் ஒரு பை பீன்ஸ் வாங்கினார். நம் ராஜ்மா இனம்தான், நிறம் மஞ்சள். ஊருக்குக் கொண்டுபோய் விதைத்து, சில பருவங்கள் நிறம் பார்த்துப் பொறுக்கினார். 'எனோலா' என்று பெயரிட்டு விண்ணப்பித்தார். 1999-ல் காப்புரிமை கிடைத்தது. அது அவருடைய செடிக்கு மட்டுமல்ல, குறிப்பிட்ட மஞ்சள் சாயல் கொண்ட அந்த இனத்துப் பீன்ஸுக்கே உரிமை கோரியது.

மெக்சிகோவில் தலைமுறைகளாக அந்த மஞ்சள் பீன்ஸைச் சாப்பிட்டு வந்தார்கள். இப்போது அதை அமெரிக்காவுக்கு அனுப்பினால் பவுண்டுக்கு 6 சென்ட் கேட்டார் உரிமையாளர். எல்லையில் சரக்குகள் சோதனைக்கு நின்றன; இறக்குமதி செய்தவர்கள் மேல் வழக்கு பாய்ந்தது. பயிரிட்டவனுக்குச் சந்தை சுருங்கியது.

கொலம்பியாவில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை மையம் 2000-ல் எதிர்ப்பு மனு போட்டது. அதன் விதை வங்கியில் மஞ்சள் பீன்ஸ் மாதிரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எனோலா, மெக்சிகோவின் பழைய ரகம் ஒன்றோடு அச்சாக ஒத்திருப்பதை மரபணுச் சோதனையும் காட்டியது. இருந்தும் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடைசியாகக் காப்புரிமையைத் தள்ளியது 2009-ல். தவறான உரிமை பத்து வருடம் நடப்பில் இருந்தது. வழக்காட ஒரு சர்வதேச நிறுவனம் வந்ததால் இந்த அளவாவது நடந்தது. ஒரு தனி விவசாயியால் முடிந்திருக்குமா?

நம் கோயம்புத்தூர்க் கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் சாகுபடிக் கரும்பை ஆற்றங்கரை நாணல் இனத்தோடு கலந்தார்கள். 1918-ல் கோ 205 வந்தது. வட இந்தியக் கரும்பு வயல்களின் முகமே மாறத் தொடங்கியது. கோயம்புத்தூரிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போன கரும்பு விதையிலிருந்து தேர்ந்தெடுத்த என்கோ 310 தைவான் வரை பரவியது. வெங்கட்ராமனுக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது. விவசாயியிடம் யாரும் கரணைக்கு இத்தனை காசு என்று கேட்கவில்லை.

எல்லா ஆராய்ச்சியும் அரசுச் சம்பளத்தில் நடக்காது என்பது உண்மை. அதனால்தான் நம் நாட்டின் 2001-ஆம் வருடச் சட்டம் எனக்குப் பிடிக்கும். காப்புரிமைச் சட்டம் செடியையும் விதையையும் விலக்கிவைக்க, இந்தத் தனிச் சட்டம் புது ரகம் கண்டவருக்குப் பயிரென்றால் 15 வருடமும், மரம், கொடி என்றால் 18 வருடமும் உரிமை தருகிறது. கூடவே, விவசாயி தன் விளைச்சலில் விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். கம்பெனிப் பெயர் போட்டு மட்டும் விற்கக் கூடாது. வேறொரு ஆராய்ச்சியாளர் அந்த ரகத்தை வைத்து அடுத்த ரகம் தேடவும் தடையில்லை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமும் பிராக்கோலி, தக்காளி வழக்குகளில் வருடக்கணக்காக அல்லாடிவிட்டு, வெறும் கலப்பிலும் தேர்விலும் பிறந்த செடிக்குக் காப்புரிமை இல்லை என்று 2020-ல் சொல்லியது.

உழைத்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஆனால் அவர் கையில் எடுத்த முதல் விதையே யாரோ ஒருவர் பல தலைமுறை காப்பாற்றிக் கொடுத்தது. அந்தப் பழைய கணக்கைப் பார்க்காமல் முழு உரிமையையும் கடைசியாக வந்தவர் பெயரில் எழுதுவது நியாயமில்லை என்பதே என் கட்சி. உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் எழுதுங்கள்.