தேநீர்க் கடைக்காகப் பிறந்த கணிப்பொறி

வணிகவியலோ நிர்வாகவியலோ பயிலும் மாணவர்களுக்கு 'நிர்வாகத் தகவல் முறை' என்றொரு பாடம் உண்டு. எம்.ஐ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பாடநூலைத் திறந்ததும் கணிப்பொறியின் உறுப்புகளும், அம்புக்குறியிட்ட கட்டப்படங்களுமே கண்ணில் படும். "வியாபாரம் படிக்க வந்த நமக்கு இயந்திரப் பாடம் எதற்கு?" என்று சலித்துக்கொள்ளும் மாணவர் பலர். அவர்களுள் நீங்களும் ஒருவர் என்றால், இந்த வரலாற்றைப் படியுங்கள். அலுவலகப் பணியை வழக்கமாகச் செய்துவந்த உலகின் முதல் கணிப்பொறியை உருவாக்கியது ஒரு மின்சாதனக் கம்பெனி அன்று. தேநீரும் கேக்கும் விற்ற கம்பெனி!

சிறிய இலாபம், பெரிய கணக்கு

ஜே. லயன்ஸ் கம்பெனி 1894-இல் லண்டன் நகரில் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. பிற்காலத்தில் அதன் கடைகள் இருநூறுக்கும் மேலாகப் பெருகின. லண்டனின் ஹாமர்ஸ்மித் பகுதியில், காட்பி ஹால் என்னும் இடத்தில் அதன் தலைமை அலுவலகமும் பெரிய ரொட்டித் தொழிற்சாலைகளும் இருந்தன.

ஒரு கோப்பைத் தேநீரிலும் ஒரு துண்டு கேக்கிலும் என்ன இலாபம் கிடைத்துவிடும்? மிகச் சிறிய தொகைதான். ஆனால் ஒவ்வொரு விற்பனைக்கும் சீட்டு உண்டு. ஒவ்வொரு சீட்டையும் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். கணக்கு எழுதும் செலவு சற்றே கூடினாலும் இலாபத்தை அது விழுங்கிவிடும். ஆகவே அலுவலக வேலையைக் குறைப்பது லயன்ஸுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

1923-இல் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஜான் சிம்மன்ஸ் என்பவரை இக்கம்பெனி பணியில் அமர்த்தியது. அலுவலக நடைமுறைகளை ஆராய்வதற்கென்றே 1930-களில் தனிப் பிரிவு ஒன்றும் இயங்கியது. இந்தப் படிவம் எதற்கு? இதை யார் படிக்கிறார்? படித்தபின் என்ன செய்கிறார்? இத்தகைய கேள்விகளைக் கேட்பதே அப்பிரிவின் வேலை. அந்நாளில் கணிப்பொறி என்ற ஒன்று பிறக்கவே இல்லை என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

கடல் கடந்து கிடைத்த செய்தி

1947-இல் லயன்ஸ் அதிகாரிகளான தாம்ஸன், ஸ்டாண்டிங்ஃபோர்டு இருவரும் அமெரிக்க அலுவலக முறைகளைக் கண்டுவரச் சென்றனர். பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற கணித அறிஞரைச் சந்தித்தனர். விஞ்ஞானக் கணக்குகளுக்காக உருவாகிவந்த மின்னணுக் கணிப்பொறியை அலுவலகத்திலும் பயன்படுத்தலாமே என்று அவர்களுக்குத் தோன்றியது. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜிலேயே அப்படி ஒரு பொறி உருவாகி வருவதை அவர்கள் அறிந்ததும் அங்கேதான்!

லயன்ஸ் கம்பெனி கேம்பிரிட்ஜ் குழுவுக்குப் பொருளுதவி செய்தது. தன் பணியாளர் ஒருவரையும் உதவிக்கு அனுப்பியது. மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான 'எட்சாக்' என்ற அந்தப் பொறி 1949 மே 6-ஆம் நாள் முதன்முறையாக இயங்கியது. அதையே மாதிரியாகக் கொண்டு ஜான் பிங்கர்டன் என்ற பொறியாளர் லயன்ஸுக்காக ஒரு பொறியைக் கட்டினார். அதன் பெயர் 'லியோ'. 'லயன்ஸ் மின்னணு அலுவலகம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. சுமார் 6,000 வால்வுகளும், நினைவகமாகப் பாதரசம் நிரப்பிய குழாய்களும் கொண்ட அது ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்டது.

1951 நவம்பர் இறுதியில் லியோ தன் முதல் வழக்கமான வேலையை ஏற்றது. ரொட்டித் தொழிற்சாலைகளில் அந்த வாரம் உற்பத்தியான பொருள்களின் அளவு, அவற்றுக்கு ஆன செலவு, மதிப்பு ஆகியவற்றைக் கணக்கிடுவதே அது. பின்னர் சம்பளப் பட்டியலும் அதனிடம் வந்தது. அனுபவமுள்ள ஒரு எழுத்தருக்கு ஒரு தொழிலாளியின் சம்பளத்தைக் கணக்கிட 8 நிமிடம் பிடித்தது. லியோவுக்கு ஒன்றரை விநாடி!

மாறியதை மட்டும் சொல்லுங்கள்

வேகத்தைக் கேட்டு வியந்ததோடு நின்றுவிடாதீர்கள். மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியது 1954-இல் தொடங்கிய தேநீர்க் கடை விநியோக வேலையை.

ஒவ்வொரு கடைக்கும் மறுநாள் எத்தனை கேக், எத்தனை ரொட்டி வேண்டும்? முழுப் பட்டியலையும் தினமும் எழுதியனுப்புவது கடை நிர்வாகி அம்மையாருக்குப் பெரும் சுமை. டேவிட் காமினர் என்பவரின் தலைமையில் இயங்கிய குழு இந்த வேலையை அடியோடு ஆராய்ந்தது. வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் கடையின் வழக்கமான தேவை எவ்வளவு என்பது பொறிக்குத் தெரியும். அம்மையார் தொலைபேசியில் மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். மறுமுனையில் இருப்பவர் காதில் கேட்கக் கேட்கத் துளை அட்டையில் பதிந்துகொள்வார். எந்தக் கடைக்கு எதை ஏற்றுவது என்ற பட்டியலை லியோ அச்சிட்டுத் தரும்.

இதில் அடங்கிய தத்துவத்தைப் பாருங்கள். வழக்கமானதைப் பொறி நினைவில் வைத்திருக்கும். வழக்கத்துக்கு மாறானதை மனிதர் கவனிப்பார். 'விலக்குவழி நிர்வாகம்' என்று உங்கள் பாடநூல் கூறுவது இதைத்தான்.

தகவல் மிகுந்தாலும் தீங்கு

பிற்காலத்தில் கணிப்பொறி வாங்கிய பல கம்பெனிகள் அதைக் கொண்டு கத்தை கத்தையாக அறிக்கைகளை அச்சிட்டுக் குவித்தன. 1967-இல் ரஸ்ஸல் ஆக்காஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைக் கடுமையாகச் சாடி ஒரு கட்டுரை எழுதினார். நிர்வாகிகளின் குறை தகவல் பற்றாக்குறை அன்று, வேண்டாத தகவலின் பெருக்கமே என்றார். ஒருவர் கேட்கும் தகவலெல்லாம் அவருக்குத் தேவையானது என்று எண்ணுவதும், தன்னிடமுள்ள முறை எப்படி இயங்குகிறது என்று நிர்வாகிக்குத் தெரிய வேண்டாம் என்று எண்ணுவதும் தவறு என்பது அவர் வாதம். இதே காலத்தில்தான் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் டேவிஸ் முதலியோர் இத்துறையைத் தனிப் பாடமாக வளர்த்தனர். டேவிஸின் புகழ்பெற்ற பாடநூல் 1974-இல் வெளிவந்தது.

லியோ என்ன ஆயிற்று? அதைச் செய்து விற்க லயன்ஸ் 1954-இல் தனிக் கம்பெனியே தொடங்கியது. ஆனால் கணிப்பொறித் தொழிலுக்குத் தேவையான பெருமுதலைத் தேநீர் வியாபாரத்தால் தர முடியவில்லை. 1963-இல் அது இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனியின் கணிப்பொறிப் பிரிவுடன் இணைந்தது. 1978-இல் லயன்ஸ் கம்பெனியே வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. நல்ல தகவல் முறை நல்ல முடிவுக்குத் துணை செய்யும். மூலதனத்துக்கு அது ஈடாகாது என்பதையும் இங்கே கற்கிறோம்.

இனி ஒரு பயிற்சி. உங்கள் ஊரில் உள்ள ஒரு கடைக்கோ கூட்டுறவுப் பண்டகசாலைக்கோ செல்லுங்கள். கணிப்பொறியைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். அங்கே நாள்தோறும் எடுக்கப்படும் முடிவுகள் யாவை, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தகவல் வேண்டும், அது உரிய வேளையில் உரியவர் கைக்கு வருகிறதா, யாரும் படிக்காத பதிவேடு ஏதேனும் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாடநூலின் கட்டப்படங்களைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு மனிதரும் அவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவும் இருப்பது உங்களுக்குத் தெரியும்.