மூன்று உயிர், கணக்கில் ஒன்றுமில்லை

மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் எப்போது இறந்தது என்று தேடினால் 2019 நவம்பர் 23 என்று வரும். சபாவில் இருந்த இமான் என்ற பெண் விலங்கு. அதே ஆண்டு மே மாதம் தாம் என்ற ஆண் போய்விட்டது. அதற்கு முன், 2017 ஜூனில், புந்தோங். (ஈப்போக்காரர்கள் பதற வேண்டாம், இது வேறு புந்தோங். துண்டாகி மிஞ்சியதைச் சொல்லும் மலாய்ச் சொல். கண்ணியில் சிக்கி ஒரு முன்னங்காலின் பாதத்தை இழந்திருந்தது, அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.)

தேதிகள் சரிதான். ஆனால் உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் விதிகளைப் படித்துப் பார்த்தால், மூன்றும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோதே கணக்குக்கு வெளியே நின்றிருக்கின்றன. நான் பொறியாளன், எண்களை வைத்துப் பிழைப்பவன். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

இந்தக் கணக்கு முதலில் கணக்காகவே இல்லை. 1960களில் பீட்டர் ஸ்காட்டின் யோசனையில், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 'சிவப்புத் தரவு நூல்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நூல் என்று பேர், உண்மையில் கோப்பு. பக்கங்களைக் கழற்றிப் புதிது செருகலாம். எந்த விலங்கு ஆபத்தில் இருக்கிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒருவருக்கு 'அருகியது' என்று பட்டது இன்னொருவருக்கு 'அரியது' மட்டும்.

1991இல் ஜார்ஜினா மேஸ், ரஸ்ஸல் லாண்டே இருவரும் ஒரு கட்டுரையில் இதைக் கேள்வி கேட்டார்கள். ஆபத்து என்றால் எவ்வளவு ஆபத்து, எத்தனை ஆண்டுக்குள்? அதிலிருந்து வளர்ந்த விதிகளை ஒன்றியம் 1994இல் ஏற்றது. பத்து ஆண்டில் அல்லது மூன்று தலைமுறையில், எது நீளமோ அதில், 80 விழுக்காடு குறைந்தால் 'மிக அருகிய இனம்'. வாழிடப் பரப்புக்கு ஓர் அளவு உண்டு, இன்னும் சில உண்டு. எனக்குப் பிடித்தது மிக எளிமையான ஒன்று: முதிர்ந்த விலங்குகள் 50க்கும் குறைவு என்றால், வேறு எதையும் பார்க்க வேண்டாம், மிக அருகிய இனம். சுமத்ரா காண்டாமிருகம் 1996 முதல் அந்த வகையில்தான் இருக்கிறது.

'முதிர்ந்த' என்ற சொல்லில்தான் விஷயம். வயது வந்தது என்று பொருள் இல்லை. இனப்பெருக்கம் செய்யக்கூடியது என்று பொருள். குட்டி போடவே வாய்ப்பில்லாத விலங்கை எண்ணக் கூடாது. ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஸ்டோரில் மூன்று பம்ப் இருக்கு என்று பட்டியல் சொல்லும். போய்ப் பார்த்தால் மூன்றுமே ஓடாது. இரவு இரண்டு மணிக்கு லைன் நின்றால் அந்தப் பட்டியலை வைத்து என்ன செய்ய?

இந்த விதி வருவதற்குப் பத்து ஆண்டு முன்பு, 1984 அக்டோபரில், சிங்கப்பூரில் ஒரு கூட்டம் நடந்தது. காட்டில் தப்பிக்க வழியில்லாத காண்டாமிருகங்களைப் பிடித்து, பாதுகாப்பில் வைத்துப் பெருக்கலாம் என்று முடிவானது. 1996 வரை 40 விலங்குகளைப் பிடித்தார்கள். தீபகற்ப மலேசியா, சபா, சுமத்ரா, அமெரிக்கா, இங்கிலாந்து என்று பிரித்து வைத்தார்கள். பல இறந்தன. குட்டிக்காக 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் சின்சினாட்டியில். நம் ஊரில், சிலாங்கூரின் சுங்கை டூசுன் மையத்தில், 2003இல் சில வாரங்களுக்குள் ஐந்து செத்தன. தீபகற்பத்தில் அந்த முயற்சி அத்தோடு முடிந்தது.

இதில் கொடுமையான ஓர் உயிரியல் உண்மை இருக்கிறது. பெண் காண்டாமிருகம் நீண்ட காலம் இணை சேராமல் இருந்தால் கருப்பையில் நீர்க்கட்டிகளும் தசைக்கட்டிகளும் வளர்கின்றன. ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் மிஞ்சிய விலங்குகளுக்கு இதுதான் நடந்தது. யாரும் சுடவில்லை, காடும் பக்கத்திலேயே இருந்தது, ஆனால் இணை இல்லை. தலைகளை எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

தாம் 2008இல் சபாவில் செம்பனைத் தோட்டத்துக்குள் வந்தபோது பிடிபட்டது. புந்தோங் 2011இல், இமான் 2014இல். புந்தோங்கின் கருப்பையில் நீர்க்கட்டிகள், இமானுக்குத் தசைக்கட்டிகள், தாமின் விந்தணு தரமில்லை. இந்தோனேசியாவோடு விந்தணு, கருமுட்டை பரிமாற்றம் என்பது ஆண்டுக்கணக்காகப் பேச்சாகவே இருந்தது. 2013இல் மறுபடியும் சிங்கப்பூரில் கூடி, உலகத்தில் மொத்தமே 100க்கும் குறைவு என்றார்கள். மலேசியக் காடுகளில் இந்த இனம் இல்லை என்று ஆய்வாளர்கள் 2015இல் எழுதியபோது மூன்றும் சபாவில் சேற்றில் புரண்டு கொண்டிருந்தன.

விதி கல்நெஞ்சம் கொண்டது என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'எத்தனை இருக்கு' என்பதற்குப் பதில் 'எத்தனை ஈனும்' என்று 1984லேயே கேட்டிருந்தால், 40 விலங்குகளை இத்தனை இடத்துக்குப் பங்கு போட்டிருப்பார்களா? எல்லைக்கு அந்தப்பக்கம் ஓர் இணையைத் தேட 30 ஆண்டு பேசியிருப்பார்களா?

சிவப்புப் பட்டியலின் கடைசி மதிப்பீட்டில் முதிர்ந்த விலங்குகள் 30. அத்தனையும் இந்தோனேசியாவில். தாமின் தோல் செல்களிலிருந்து பெர்லின் ஆய்வாளர்கள் ஸ்டெம் செல் உருவாக்கி 2022இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து விந்தணுவும் கருமுட்டையும் செய்ய வேண்டும் என்பது திட்டம். இப்போதைக்கு அவை உறைபெட்டியில் இருக்கின்றன, 30இல் சேராமல்.