ஒருவேளை உணவும் ஓர் ஏடும்

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி 1998இல் தொடங்கியது. ஓராண்டு நம் பள்ளி மாணவரை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். மேடையிலிருந்து இறங்கிவந்த எழுத்தாளரை வழிமறித்து, "இந்தக் கதையை ஏன் இப்படி முடித்தீர்கள்?" என்று கேட்டான் ஒரு சிறுவன். அருகே நின்ற முதியவர் பதறினார். பெரியவர்களைக் கேள்வி கேட்பதா என்று!

ஏன் கேட்கலாகாது? ஏட்டை எழுதியவர், அதைப் படிப்பவனுக்கு விடை கூறக் கடமைப்பட்டவரல்லரோ?

1761இல் ரூசோவின் 'ஜூலி' வெளிவந்ததும், படித்தவர்கள் அவருக்குக் கண்ணீர்க் கடிதங்களைக் குவித்தனர் என்று கல்லூரியிலே கற்றோம். காடாம்புலியூரிலிருந்து தெற்கே, முந்திரித் தோப்புகளைக் கடந்து செல்லும் சாலையில், வடலூரையடுத்த கருங்குழியோடு தொடர்புடைய கடிதங்களைப்பற்றி எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. பிரான்சு அண்மையிலும் கருங்குழி சேய்மையிலும் இருந்தன போலும்!

1858 முதல் 1867 வரை இராமலிங்க அடிகள் கருங்குழியில் வாழ்ந்தார். பாடல்கள் பெருகின, அச்சேற்றும் ஆர்வமோ அவருக்கில்லை. சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர் வேண்டினார், மீண்டும் வேண்டினார். பயனில்லை. பிறகு, பாடல்கள் கைக்கு வரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை உணவே உண்பது என்று உறுதி பூண்டார்! விரதங்கள் பல கண்ட நாடு இது. மழை வேண்டி, மகப்பேறு வேண்டி, மறுமை வேண்டி வயிற்றை வாட்டியோர் ஆயிரம் ஆயிரம். அச்சுப் புத்தகம் வேண்டி வயிற்றை வாட்டியவர் இவர்!

செய்தியறிந்த அடிகள் துடித்தார். 1860இல் எழுதிய கடிதத்தில், பாடல்களை அனுப்புவதாக உறுதிகூறி, உணவை மறுக்க வேண்டாமென்று வேண்டினார். ஆயினும் நூல் வெளிவர 1867 ஆயிற்று.

இரத்தின முதலியாருக்கு அவர் எழுதிய கடிதங்களில் மற்றொரு வேண்டுகோளும் உண்டு. தம்மை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவதில் தமக்கு உடன்பாடில்லை, அஃது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்றார் அவர். அடியார் கூட்டம் ஆண்டவனாக்கத் துடிக்கிறது. ஆசிரியரோ, 'சாமி' வேண்டாம் என்கிறார்! கடவுட்கொள்கையில் நாம் அவரோடு உடன்படாதிருக்கலாம். இந்த ஒரு கடிதத்திற்காக அவரைப் போற்றத் தயங்கோம்.

அன்பர்கள் என்ன செய்தனர்? தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்த நூலின் முகப்பில் 'சாமி' இல்லை. மாறாக, 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்ற நீண்ட பட்டம் ஏறிற்று! நூலுக்குத் 'திருவருட்பா' என்று பெயர். பகுதிகளுக்குத் 'திருமுறை' என்று பெயர். தேவார, திருவாசகங்களுக்குரிய பெயரை இன்றிருப்பவர் பாட்டுக்குச் சூட்டுவதா என்று ஆறுமுக நாவலர் சீறினார். கண்டன நூல்கள் பறந்தன. பாட்டைவிடப் பட்டமே பெரும்பூசலாயிற்று.

1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் அருட்பாவா மருட்பாவா என்று தீர்ப்பு வழங்கப்பட்டதாக இன்றும் சொல்வர். கட்டுக்கதை! சிதம்பரத்தில் பேசப்பட்ட பேச்சுக்காக நாவலர் தொடுத்த அவதூறு வழக்கு அது. அடிகள் விடுவிக்கப்பட்டார். செய்யுளை எடைபோடும் வேலை நீதிபதிக்கு இல்லை.

1867இல் வந்தவை முதல் நான்கு திருமுறைகளே. சாதியையும் சாத்திரக் குப்பையையும் சாடும் பாடல்கள் மிகுந்த ஆறாம் திருமுறை, 1885இல்தான் அச்சேறியது. அடிகள் மறைந்து 11 ஆண்டுகள் கழிந்திருந்தன! அதற்காக எவரேனும் ஒருவேளை உணவைத் துறந்ததாக நாம் படித்ததில்லை.

அக்கடிதங்களை நம் வகுப்பிலே படித்துக் காட்டினோம். அதே சிறுவன் எழுந்தான்.

"சாமி வேண்டாம் என்று எழுதியவருக்கு, அதைவிடப் பெரிய பெயரை ஏன் வைத்தார்கள், ஐயா?"