‘போதுமான’ என்ற அடைமொழி: காப்புப்பொருள் இல்லாக் கண்மருந்து பற்றிய ஒரு வாசிப்புப் பிழை

கடும் கண் உலர்வுக்குக் காப்புப்பொருள் கலக்காத சொட்டு மருந்தோ சலைனோ தேடுவது ஆபத்தை விலைக்கு வாங்குவது என்றொரு கருத்து 2023க்குப் பின் வேரூன்றிவிட்டது. அவ்வாண்டின் நிகழ்வே அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அந்த ஆதாரம் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னையைச் சேர்ந்த குளோபல் பார்மா ஹெல்த்கேர் தயாரித்து, எஸ்ரிகேர், டெல்சாம் பார்மா பெயர்களில் அமெரிக்காவில் விற்பனையான செயற்கைக் கண்ணீர் 2023 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. பல மருந்துகளுக்கு மசியாத சூடோமோனாஸ் எருஜினோசா என்ற கிருமி 18 மாநிலங்களில் 81 பேரிடம் கண்டறியப்பட்டது. நால்வர் இறந்தனர், 14 பேருக்குப் பார்வை போயிற்று, நால்வருக்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அப்போது எடுத்துரைத்த குறைகளில் மூன்று முக்கியமானவை: தகுந்த நுண்ணுயிர்ச் சோதனை இல்லை, போதுமான காப்புப்பொருள் இன்றிப் பலமுறை பயன்படுத்தும் புட்டியில் மருந்து அடைக்கப்பட்டது, மூடி முன்பே திறக்கப்பட்டதா என்று காட்டும் ஏற்பாடு சரியில்லை. மேற்சொன்ன கருத்து இரண்டாவது குறையை மட்டும் பிடித்துக்கொண்டது. பிடித்ததிலும் ‘போதுமான’ என்ற அடைமொழியையும் ‘பலமுறை பயன்படுத்தும் புட்டி’ என்ற தொடரையும் உதிர்த்துவிட்டது. எஞ்சியது ‘காப்புப்பொருள் இல்லை, ஆகவே கிருமி’ என்ற சூத்திரம். மூலத்தில் குற்றம் மருந்துக்கும் புட்டிக்கும் இடையிலான பொருத்தமின்மை. அதே மருந்து 0.4 மி.லி. ஒருமுறைக் குப்பியில் இருந்திருந்தால் இரண்டாவது குறையை எழுதியிருக்கவே முடியாது.

கிருமியின் பரவலும் இவ்வாசிப்புக்கே துணை நிற்கிறது. காப்புப்பொருள் இல்லாததால் அவரவர் வீட்டில் புட்டி கெட்டிருக்குமானால், வீட்டுக்கொரு கிருமி வந்திருக்க வேண்டும். விரலில் ஒட்டுவதும் குழாய்நீரில் இருப்பதும் எங்கும் ஒன்றல்லவே. கண்டதோ, அமெரிக்காவில் அதுவரை பதிவாகாத ஒரே வகை. வெவ்வேறு தொகுதி எண் கொண்ட, திறந்த புட்டிகளிலும் அதே வகைதான். பொதுவான ஊற்று ஒன்று புட்டி வாங்குபவர் கைக்கு வருமுன்பே இருந்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். சில மருத்துவ நிலையங்களில் நோயாளியிடமிருந்து நோயாளிக்குப் பரவியிருக்கலாம் என்ற மறுப்பு உண்டு. பரவியிருக்கட்டும், முதல் ஆளுக்கு எப்படி வந்தது என்பதற்கு அது விடையாகாது.

சற்று கனமான மறுப்பு நம் பக்கத்திலிருந்தே எழுகிறது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று 2023 ஏப்ரலில் செய்தி வந்தது. அந்த முடிவை நான் ஐயுறவில்லை. அதன் எடையைத்தான் ஐயுறுகிறேன். ஒரு தொகுதியில் நூற்றுக்கு ஒரு புட்டி கெட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இருபது புட்டி எடுத்துச் சோதித்தால், கெட்டது ஒன்றுகூடச் சிக்காமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 82 விழுக்காடு. ‘காணவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று படித்ததும் மேற்சொன்ன பிழையின் உடன்பிறப்பே.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தேரி மணல் காற்றில் ஏறும் சாத்தான்குளம் போன்ற ஊரில் நாளுக்கு ஆறு, எட்டு முறை சொட்டு விடுகிறவருக்குக் காப்புப்பொருள் உள்ள மருந்தே பாதுகாப்பு என்று பரிந்துரைத்தால், வழக்கமான காப்புப்பொருளான பென்சால்கோனியம் குளோரைடையும் அத்தனை முறை விடச் சொல்கிறோம். அது சோப்பைப் போல் கண்ணீரின் எண்ணெய்ப் படலத்தைக் குலைப்பது. கருவிழியின் மேற்செல்களையும் அரிப்பது. கண்ணீர் குறைந்த கண்ணில் அதை நீர்க்கச் செய்யவும் ஆளில்லை. கண்ணின் வெண்பகுதியில் தங்கும் ஸ்கிளீரல் லென்ஸ் அணிபவர் நிலை இன்னும் மோசம். லென்ஸின் குழியில் நிரப்பும் சலைன் நாள் முழுதும் கருவிழியை ஒட்டியே நிற்கும்; அதில் காப்புப்பொருள் கலந்திருந்தால் நஞ்சில் ஊறவைப்பதற்கு ஒப்பு.

சலைனைப் பெரிய மருந்தென்று நான் சொல்ல வரவில்லை. கண்ணில் தங்கும் பிசுக்கு அதில் இல்லை, கழுவிக்கொண்டு போய்விடும் என்பதே விஷயம். லென்ஸ் நிரப்பவும் தூசி கழுவவும் அது வேண்டும், அவ்வளவே.

தூத்துக்குடி உப்பைக் காய்ச்சிய நீரில் கரைத்து வீட்டிலேயே செய்யலாமே என்பார்க்கு நீண்ட பதில் தேவையில்லை. 1980களில் அமெரிக்காவில் உப்பு மாத்திரை கரைத்த நீரைக் கான்டாக்ட் லென்ஸுக்குப் பயன்படுத்தியவர்களுக்கு அகாந்தமீபா என்ற அமீபாவால் கருவிழி அழற்சி வந்தது.

நம்மூர் மெடிக்கலில் தேடுவதிலும் புட்டியும் பெயருமே சிக்கல். நரம்பில் ஏற்றும் 0.9 விழுக்காடு சலைனில் காப்புப்பொருள் இல்லை, விலையும் எட்டும். ஆனால் தொங்கவிடும் புட்டி எல்லாமே மக்கள் வாயில் ‘குளுக்கோஸ்’தான். ‘என்.எஸ்.’ (நார்மல் சலைன்) கேட்டவர் கைக்குச் சர்க்கரை கலந்த ‘டி.என்.எஸ்.’ வந்துவிட்டால், கிருமிக்குத் தீனி சேர்ந்து வந்ததாகும். சரியான புட்டியே வந்தாலும், 100 மி.லி.யை ஊசியால் குத்தி ஒரு வாரம் ஜன்னலோரம் வைத்திருப்பவர், அந்த இரண்டாவது குறையைத் தம் வீட்டிலேயே உண்டாக்கிக்கொள்கிறார். நெபுலைசருக்காக வரும் சில மி.லி. சலைன் குப்பி அதே கடையிலேயே சில வேளை கிடைக்கும். அது கண்ணுக்கென அனுமதி பெற்றதல்ல என்பதால் கண் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். திறந்ததில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.