செல்லற்ற உயிரி உணரிகள் (நொதித் தேர்வில்)

பஞ்சு, மரம், பிளாஸ்டிக் போன்ற திடப்பொருள்களைச் சிதைக்கும் நொதிகளில் எது வல்லது என்று சலித்தெடுக்க உதவும் சோதனைக் கலவைகள். இவற்றில் வேலை செய்வது உயிருள்ள செல் அல்ல, செல்லை உடைத்தெடுத்த சாறு.

1897-இல் ஜெர்மானிய வேதியியலர் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்தார். சாறு கெடாமலிருக்கச் சர்க்கரை சேர்த்தார். அது நுரைத்துப் பொங்கியது. நொதித்தலுக்கு உயிருள்ள செல் கட்டாயம் என்ற கொள்கை அத்துடன் சரிந்தது. 1907-இல் அவருக்கு நோபல் பரிசு. 1961-இல் அமெரிக்காவில் நிரன்பெர்க்கும் மத்தாயும் ஈ.கோலை பாக்டீரியாவின் சாற்றில் செயற்கை ஆர்.என்.ஏ.வை இட்டுப் புரதம் உண்டாக்கி, மரபுக் குறியீட்டின் முதல் எழுத்துக் கூட்டைப் படித்தறிந்தனர். 2014-இல் ஜேம்ஸ் காலின்ஸ் குழு இத்தகைய சாற்றைக் காகிதத்தில் உறைய வைத்து உலர்த்தி, நீர் பட்டதும் இயங்கும் உணரியாக்கியது.

நொதித் தேடலின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் இற்றுப்போயின. காரணமான பூஞ்சைகளுள் ஒன்று, அவற்றை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரால் இன்று டிரைகோடெர்மா ரீசி எனப்படுகிறது. பிளாஸ்டிக்குக்கு ஜப்பானின் சாக்காய் நகரில் கிடைத்த இடியோனெல்லா சாக்காயென்சிஸ் பாக்டீரியா (2016) பெயர்பெற்றது.

கரையாத பொருளை நொதி மேற்பரப்பிலிருந்துதான் அரிக்க முடியும், அளப்பதும் கடினம். எனவே ஆய்வகங்கள் நெடுங்காலம் கரையும் பதிலிகளையே நம்பின: பஞ்சிலும் மரத்திலும் உள்ள செல்லுலோசுக்குக் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், பாட்டில்கள் செய்யும் பெட் பிளாஸ்டிக்குக்கு உடைந்தால் மஞ்சளாகும் நைட்ரோபீனைல் எஸ்டர். வசதிக்காகக் கொடுத்த விலை பெரிது. கரைசலில் சூரனான நொதி, பஞ்சின் முன்னோ பாட்டில் துண்டின் முன்னோ சோர்ந்துபோவதுண்டு.

உணரி இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகிறது. அது திடப்பொருளைப் பார்ப்பதே இல்லை. அதிலிருந்து கழன்று நீரில் கரையும் மூலக்கூறைப் பிடிக்கிறது. பெட் சிதைந்தால் டெரஃப்தாலிக் அமிலம் வரும். கோமமோனாஸ் பாக்டீரியாவின் டிபிஎச்ஆர் புரதம் அதைப் பற்றிக்கொண்டு மரபணுவை முடுக்கும். செல்லுலோசிலிருந்து வரும் செல்லோபயோஸ், மரபணுவை அடைத்து நிற்கும் செல்ஆர் புரதத்தை விலக்கும். முடுக்கினாலும் விலக்கினாலும் விளைவு ஒன்றே: அந்த மரபணுவாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை வைத்தால் சோதனைத் தட்டின் குழி பச்சையாக ஒளிரும். உயிருள்ள செல்லே உணரியானால் அமிலம் சவ்வைக் கடந்தாக வேண்டும். சாற்றில் சவ்வே கிடையாது. சோதிக்கும் நொதியையும் டி.என்.ஏ.விலிருந்து இதே வகைச் சாற்றில் வார்த்துக்கொள்ளலாம், பாக்டீரியா வளரக் காத்திருக்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. பிரான்சின் கார்பியோஸ் நிறுவனமும் துலூஸ் ஆய்வாளர்களும் 2020-இல் அறிவித்த நொதி, 72 பாகை செல்சியஸில் 10 மணி நேரத்தில் 90% பெட்டைச் சிதைத்தது. ஈ.கோலைச் சாறு அந்த வெப்பத்தில் கெட்டுவிடும். ஆகவே சிதைவைத் தனியே முடித்து, ஆறிய திரவத்தில் சில மைக்ரோலிட்டர் மட்டும் கலவையில் விடுகிறார்கள். அதிலும் ஒரு முரண்: நொதி வல்லதாக இருக்க இருக்க அமிலம் கூடும், அமிலம் கூடினால் பச்சை ஒளி மங்கும். நன்றாக நீர்க்கச் செய்து, தாங்கல் கரைசல் சேர்க்காவிட்டால் முதலிடத்துக்குரிய நொதி கடைசி வரிசைக்குப் போய்விடும்.