லால்பாக் பாறை எந்தக் கண்டம்?

பெங்களூரில் பொட்டி தட்டும் நம்மாட்கள் பிள்ளைகளோடு லால்பாக் போனால் அந்தப் பாறை மேல் ஏறாமல் திரும்புவதில்லை. உச்சியில் கெம்பே கவுடா கோபுரம், ஒரு போட்டோ, அப்புறம் கீழே வந்து வேர்க்கடலை. தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று அங்கே ஒரு பலகை இருப்பதை யாரும் நின்று படிப்பதில்லை. பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். ஆசியா என்று ஒன்று அப்போது கிடையவே கிடையாது.

கண்டங்களுக்கு எல்லை போட்டது யார்? பழைய கிரேக்கர்களுக்கு தொன் ஆறுதான் ஐரோப்பாவின் கிழக்கு எல்லை. அதை யூரல் மலைக்குத் தள்ளியவர்களில் ஒருவர் ஸ்ட்ராலன்பெர்க், சுவீடன் ராணுவ அதிகாரி. 1709ல் பொல்தாவா போரில் ரஷ்யர்களிடம் பிடிபட்டு சைபீரியாவில் பல வருஷம் கைதியாகக் கிடந்தவர். 1730ல் புத்தகம் எழுதி யூரலை எல்லையாகக் காட்டினார். ரஷ்யர் ததீஷெவ், அது தன் யோசனை என்றார்! நாங்களும் ஐரோப்பாதான் என்று சொல்லிக்கொள்ள ரஷ்யாவுக்கும் அந்தக் கோடு வசதி.

பாறையைக் கேட்டால் கதை வேறு. யூரலும் இரண்டு நிலத்துண்டுகள் மோதிய தையல்தான், ஆனால் ஆறிப்போய் 20 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாம் ஆசியாவோடு மோதியது சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்பு. தையல் இமயத்துக்கு வடக்கே, சிந்துவும் சாங்போவும் ஓடும் பள்ளத்தாக்கை ஒட்டி இருக்கிறது. இன்னும் நெருக்கிக்கொண்டே இருக்கிறோம். ஐரோப்பாவுக்குத் தனிக்கண்டப் பதவி உண்டென்றால் நமக்கு அதைவிட அதிகமாகவே உண்டு. கிடைத்தது என்னவோ 'துணை'க்கண்டம் :-)

இதைச் சொன்னதும் "அதான் குமரிக்கண்டம் இருந்ததே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் பொதுவான விலங்கினங்களுக்குக் காரணம் தேடி, 1864ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர் கற்பனையாக வைத்த பெயர் லெமூரியா. நம் கடல்கோள் கதைகளோடு அதை ஒட்டியது பிற்காலம். கந்தபுராணத்தில் வரும் குமரிகண்டமோ பாரதத்தின் ஒன்பது பகுதிகளில் ஒன்று, மூழ்கிய நிலமல்ல. 1960களில் நிலத்தட்டுக் கொள்கை வந்தபோது லெமூரியாவுக்கு வேலையே இல்லாமல் போனது. நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது.

கடல் நிலத்தை விழுங்கியதே இல்லை என்று சொல்லவில்லை. கடைசிப் பனியுகம் முடிந்து கடல் சுமார் 120 மீட்டர் உயர்ந்தது. அதற்கு முன் தமிழகத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். கடல்கோள் நினைவுக்கு இது போதாதா? கண்டமே வேண்டுமா?

இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வரலாறு பெரும்பாலும் வீட்டில் நாம் சொல்வதுதான். குமரிக்கண்டத்தை நம்பி வளர்ந்த பிள்ளை, பள்ளியில் நிலத்தட்டுப் பாடம் படிக்கும் அன்று கீழடியையும் சேர்த்தே சந்தேகப்படும்.

காட்டுவதற்கு நிஜமே இருக்கிறது. அடுத்த லாங் வீக்கெண்டுக்கு உடுப்பி பக்கம் போங்கள். மால்பேயிலிருந்து படகில் போனால் செயின்ட் மேரிஸ் தீவுகள், தூண் தூணாக நிற்கும் எரிமலைப் பாறை. மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்த காலத்தது, சுமார் 9 கோடி ஆண்டுகள். மழைக்காலத்தில் படகு ஓடாது, பார்த்துக்கொள்ளுங்கள்.