கென்னடியின் முதுகும் என் முதுகும்

முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம், கட்டிலை விட்டு இறங்கவே பயந்தேன். வலித்தால் மாத்திரை, மாத்திரை போட்டால் தூக்கம். வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண் கேட்டாள்: "ஐயா, மாத்திரை எதுக்குன்னு நினைச்சீங்க? படுத்துக்கிடக்கவா? போட்டு அரை மணி கழிச்சு எழுந்து நடக்கத்தான்."

அன்று படுக்கையில் கென்னடி நினைவுக்கு வந்தார். என் வயதுக்காரர்களுக்கு, ஆடும் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும் படம் மறந்திருக்காது. ஏதோ பெரிய இடத்து சொகுசு என்றுதான் பள்ளியில் படிக்கும்போது நினைத்திருந்தேன். அது முதுகுவலிக்காரரின் நாற்காலி.

கென்னடிக்கு முதுகில் மொத்தம் நான்கு அறுவை. முதலாவது 1944-ல். 1954 அக்டோபரில் நியூயார்க்கில் உலோகத் தகடும் திருகும் வைத்து எலும்பை இணைத்தார்கள். அவருக்கு அட்ரினல் சுரப்பிக் கோளாறும் இருந்ததால் ஆபத்து அதிகம் என்று தெரிந்தே செய்துகொண்டார். கிருமி தொற்றி, நினைவிழந்து, பாதிரியாரை அழைத்து இறுதிச் சடங்கு செய்யும் நிலைக்குப் போய்விட்டது. பிழைத்தார், ஆனால் புண் ஆறவில்லை. 1955 பிப்ரவரியில் தகட்டைக் கழற்றினார்கள். அந்த ஓய்வுக்காலப் புத்தகத்துக்குத்தான் 1957-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. (அதில் உதவியாளர் எழுதியது எவ்வளவு என்ற வழக்கு தனி!) அதே ஆண்டு சீழ் எடுக்க நான்காவது தடவையும் கத்தி வைத்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு வலி போகவில்லை. 1955 மே மாதம் ஜேனட் டிராவெல் என்ற பெண் மருத்துவரிடம் போனார். ஒரு கால் சற்றுக் குட்டை என்று கண்டுபிடித்துச் செருப்பின் குதிகாலை உயர்த்தியவர் அவர்தான். ஆடும் நாற்காலியும் அவர் யோசனையே. இறுகிய தசைகளில் புரோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தை ஊசியாகப் போடுவார். அந்த நேரத்துக்குச் சுகம்.

1961 மே மாதம் கனடாவில் மரம் நடக் குனிந்தார். முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது. ஊன்றுகோல், ஊசி. சில நாள் இரண்டு மூன்று தடவைகூட. அந்த ஆண்டுக் கடைசியில் வெள்ளை மாளிகையின் இன்னொரு மருத்துவர் பர்க்லி, ஹான்ஸ் கிராஸ் என்பவரைக் கூப்பிட வைத்தார். கிராஸ் மலையேற்றத்திலும் பேர்பெற்றவர். தொட்டுப் பார்த்தவர், ஜனாதிபதியின் வயிற்றுத் தசை தளர்ந்து, தொடைத் தசை இறுகிக் கிடப்பதைக் கண்டார். ஊசி வேண்டாம், வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி என்றார். சில மாதங்களில் கென்னடி நன்றாகத் தேறினார். நான்கு ஆபரேஷன் பார்த்த உடம்புக்கு, தசையைப் பலப்படுத்தச் சொல்லி ஒருவர் விடாமல் கூடவே நிற்க இத்தனை வருஷம் ஆயிற்று. டிராவெல் அம்மையாரை நான் குறை சொல்லமாட்டேன். ஊசி கேட்டது நோயாளி. எனக்கும் அன்று அதுதான் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை மாத்திரை போட்டு, கடிகாரம் பார்த்து, கூடத்தில் பத்து நடை நடந்தேன். இரண்டாம் மாதம் தெருமுனைவரை.

முதுகுப் பட்டையை மட்டும் கென்னடி விடவில்லை. டல்லாஸ் ஊர்வலத்தன்றும் சட்டைக்குள் கட்டியிருந்தார். என்னுடையதை அந்தப் பெண் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். இப்போது பீரோவில், கம்பளிக்கு அடியில் கிடக்கிறது.